நோயாளிய பாத்துக்குறவங்களுக்கு ரெண்டு மணி நேரம் யாராவது குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, வீட்ல நோயாளிய வச்சு பாத்துக்குறவங்க தன்னோட உடம்பையும் மனசையும் கவனிச்சுக்கணும்னு ஒரு கட்டுரை வந்துச்சு. நல்ல மனசோட எழுதுன கட்டுரை, தினம் அரை மணி நேரம் நடங்க, ஏழு மணி நேரம் தூங்குங்க, பிடிச்ச பாட்டு கேளுங்க, மனசு விட்டு யார்கிட்டயாவது பேசுங்கன்னு எல்லாம் சரியாத்தான் சொல்லியிருந்தாங்க. ஆனா அந்த அரை மணி நேரம் நான் நடக்கப் போனா எங்க அத்தை பக்கத்துல யார் உக்காருவாங்கங்குற கேள்விக்கு அதுல எங்கயும் பதில் இல்ல. எங்கள மாதிரி இருக்குறவங்களுக்கு அந்த ஒரு கேள்விதான் முழுப் பிரச்சனையும், அதனாலதான் கொஞ்சம் நீளமானாலும் பரவாயில்லன்னு இத எழுதுறேன், முடிஞ்ச அளவு வெட்டாம போடுங்க.

நான் மதுரைல இருக்கேன். வீட்லயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன், வீட்டுக்காரர் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல வேல பாக்குறார், பொண்ணு வெளியூர்ல காலேஜ். என் மாமியார் அதாவது அத்தைக்கு சில வருஷம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துருச்சு, பேச்சும் குழறிப் போச்சு, கொஞ்ச நாள் மூக்கு வழியா ட்யூப்ல சாப்பாடு, அப்புறம் ட்யூப் எடுத்து குழைய பிசைஞ்ச சாதம், இப்ப அதோட மறதியும் சேந்துக்கிச்சு. சாயங்காலம் ஆனா ஒரு மாதிரி பதட்டம் வந்துரும், வீட்டுக்குப் போகணும் வீட்டுக்குப் போகணும்னு கைய பிடிச்சு இழுப்பாங்க, இருக்குறதே அவங்க வீட்லதான். இத எல்லாம் குறையா சொல்லல, அவங்க என்னைய மகளாத்தான் வச்சிருந்தாங்க, என் பிரசவத்துக்கு அம்மா வர முடியாதப்ப எனக்கு பத்தியச் சாப்பாடு போட்டு குழந்தைய குளிப்பாட்டி விட்டவங்க. அவங்கள பாத்துக்குறதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

ஆனா பாத்துக்குறதுன்னா என்னன்னு வெளிய இருந்து பாக்குறவங்களுக்குத் தெரியல. படுத்த படுக்கையா இருக்குறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லன்னா இடுப்பெலும்பு பக்கம், குதிகால், நடு முதுகுக்குக் கீழ எல்லாம் தோல் சிவந்து ரெண்டு மூணு நாள்ல புண்ணாகிரும், ஒரு தடவ படுக்கைப் புண் வந்துட்டா ஆறுறதுக்கு மாசக்கணக்கா ஆகும். ஏர் பெட் போட்டாலும் புரட்டாம விட முடியாது. அப்ப ராத்திரி 12 மணிக்கு ஒரு அலாரம், 2 மணிக்கு ஒண்ணு, 4 மணிக்கு ஒண்ணு. டயபர் நனைஞ்சிருந்தா மாத்தணும், மாத்தும்போது நைட்டியும் நனைஞ்சிருந்தா அதையும் மாத்தணும், அதுக்குள்ள அவங்க முழிச்சுட்டா திரும்ப தூங்க வைக்க முக்கா மணி நேரம். இதுல ஏழு மணி நேரத் தூக்கம்னு யாராச்சும் சொன்னா அழுகதான் வருது, ஏன்னா அது வேணும்னு எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும், அத குடுக்குறதுக்கு ஆள்தான் இல்ல.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான் சார். தன்னக் கவனிச்சுக்க நேரம் ஒதுக்குன்னு பாத்துக்குறவங்ககிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல, அந்த நேரம் அவங்க கைல கிடையாது, இன்னொருத்தர் வந்து குடுத்தாத்தான் உண்டு. ஆகவே அந்த அறிவுரைய எங்களுக்கு சொல்றத விட எங்களச் சுத்தி இருக்குறவங்களுக்கு சொல்லுங்க. சொந்தக்காரங்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு, வெளிநாட்ல இருக்குற பிள்ளைங்களுக்கு, டாக்டர்களுக்கு, கவர்மென்ட்டுக்கு.

இது ஏதோ மனக்குறையா பேசுறதுன்னு யாரும் நினைக்கக் கூடாதுன்னுதான் இத சொல்றேன். எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க, அவங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போய் வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷின்ல, போக வர ஆட்டோ, காத்திருக்குறது எல்லாம் சேத்தா அந்த நாளே போச்சு. அவர் மாத்திரைக்கு காலை மதியம் ராத்திரின்னு கட்டம் போட்ட டப்பா வாங்கி, ஒரு வேள தப்பாம அந்த அக்கா குடுப்பாங்க, தண்ணி இவ்வளவுதான் உப்பு இவ்வளவுதான்னு அளந்து வைப்பாங்க. அந்த அக்காவுக்கும் சுகர். அவங்க மாத்திரை அட்டை தீந்து போய் அலமாரிக்குள்ள காலி அட்டையா கெடந்துச்சு, வாங்கப் போக நேரமில்லன்னு தள்ளிப் போட்டு தள்ளிப் போட்டு, கடைசில செருப்பு கடிச்ச ஒரு சின்னப் புண் கால்ல ஆறாம பெருசாகி ஒரு விரல எடுக்குற நிலைமைக்கு வந்துருச்சு. வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரிக்குள்ளயே நாலு நாலு மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்த பொம்பளைக்கு, அந்த நாலு மணி நேரத்துல ஒரு நாளாவது ஒருத்தராவது விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பாத்திருக்கலாமே. எந்த ஆஸ்பத்திரின்னு நான் சொல்ல வரல, எல்லா எடத்துலயும் இதான் நெலம, நோயாளிக்குத்தான் ஃபைல் இருக்கு, கூட வந்தவங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட கிடையாது.

சுகர் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த ஓயாத டென்ஷனே உடம்புல வேல காட்டும்னு ஆராய்ச்சி பண்ணி பாத்திருக்காங்க. 1995ல அமெரிக்கால ஓஹியோல, மறதி நோய் வந்த சொந்தக்காரங்கள வீட்ல வச்சு பாத்துக்குற 13 பொம்பளைங்க, அந்தப் பொறுப்பு இல்லாத அதே வயசு 13 பொம்பளைங்க, ரெண்டு கூட்டத்துக்கும் கைல ஒரே அளவுல சின்னதா ஒரு புண் பண்ணி எப்ப ஆறுதுன்னு பாத்தாங்க. பாத்துக்குறவங்களுக்கு சராசரியா ஒம்பது நாள் அதிகமா ஆச்சு. அதே நாட்ல 1999ல வயசான தம்பதிங்கள நாலு வருஷமா கவனிச்ச இன்னொரு ஆய்வு வந்துச்சு, அதுல வாழ்க்கைத் துணைய பாத்துக்கிட்டு அதனால நொந்து போய் இருந்தவங்களுக்கு, அந்தப் பொறுப்பு இல்லாதவங்கள விட இறந்து போற வாய்ப்பு 63 சதவீதம் அதிகம்னு வந்துச்சு. அந்த ஆய்வுல எனக்கு முக்கியமா படுறது அடுத்த விஷயம்தான், பாத்துக்கிட்டாலும் அந்த அளவுக்கு நொந்து போகாதவங்களுக்கு அப்படி அதிகம் இல்ல. அதாவது பாத்துக்குறது யாரையும் கொல்லல, மாத்து ஆள் இல்லாம ஒத்தையா பாத்துக்குறதுதான் ஆளக் கொல்லுதுன்னு நான் புரிஞ்சுக்கிறேன்.

இப்ப சொந்தக்காரங்க விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல நோயாளிய பாக்க வர்றதுன்னு ஒரு பழக்கம் இருக்கு, நல்ல பழக்கம், ஒருத்தர் விடாம வருவாங்க, ஹார்லிக்ஸ் வரும், சாத்துக்குடி வரும், ஆப்பிள் வரும். அத்தைக்கு இதுல எதையும் கடிச்சுத் திங்க முடியாது. வந்தவங்களுக்கு நான் காப்பி போடணும், சாப்பிடுற நேரம்னா ரெண்டு தோசை ஊத்தணும், எப்ப வந்துச்சு எந்த டாக்டர் என்ன சொன்னாருன்னு ஆரம்பத்துல இருந்து திரும்ப சொல்லணும், போறப்ப உடம்ப பாத்துக்கம்மா ரொம்ப எளச்சுட்டன்னு சொல்லிட்டுப் போவாங்க. பாசத்துலதான் சொல்றாங்க, எனக்குத் தெரியும். ஆனா அவங்க இருந்த அந்த ஒண்ணரை மணி நேரத்துல எனக்கு ஒண்ணரை மணி நேர வேல கூடியிருக்கும்.

அதே ஒண்ணரை மணி நேரத்த வேற மாதிரி குடுக்கலாம். என் நாத்தனார் ஒருத்தங்கதான் அதச் செஞ்சு காட்டுனாங்க, திருமங்கலத்துல இருந்து பஸ் ஏறி புதன்கிழமை மூணரை மணிக்கு வருவாங்க, வந்ததும் எனக்கு காப்பி வேணாம் நீ கெளம்புன்னு சொல்லுவாங்க, ஆறு மணி வரைக்கும் அவங்க அம்மாகூட இருப்பாங்க. மொதல்ல ரெண்டு வாரம் எனக்கு வெளிய போகவே மனசு வரல, போய் தெப்பக்குளத்துப் படியில உக்காந்துக்கிட்டு போன கைல வச்சு பாத்துட்டே இருந்தேன். இப்ப போன பைக்குள்ள போட்டுட்டு தெப்பக்குளத்த சுத்தி நடக்குறேன், சில வாரம் நடக்குறதில்ல, நேரா பக்கத்துத் தெருவுல இருக்குற தோழி வீட்டுக்குப் போய் அவ கட்டில்ல படுத்துத் தூங்கிட்டு வர்றேன். ஒரு வாரம் பல் டாக்டர்கிட்ட போனேன். எண்ண தேச்சுக் குளிச்சு தலைய காய விட்டு உக்காந்திருக்குறதுக்குக்கூட ஒரு புதன்கிழமை போயிருக்கு, அதுவும் எனக்கு வேண்டியதாத்தான் இருந்துச்சு. நேரம் கெடச்சா என்ன பண்ணணும்னு எங்களுக்கு யாரும் லிஸ்ட் போட்டுக் குடுக்க வேண்டாம், அந்தந்த நாள் உடம்பு எத கேக்குதோ அதச் செஞ்சுக்குவோம்.

எனக்கு அதெல்லாம் பண்ணத் தெரியாதே, பயமா இருக்கேன்னு நெறையப் பேர் சொல்றாங்க. அந்த பயம் நியாயம்தான், அதனால நான் ஒரு வேல பண்ணி வச்சிருக்கேன், மத்தவங்களுக்கும் உதவும்னு சொல்றேன். ஒரு முழு வெள்ளைத்தாள்ல பெருசா எழுதி அத்தை கட்டிலுக்கு மேல செவத்துல ஒட்டிட்டேன். எத்தன மணிக்கு எந்த மாத்திரை, எத்தன மணிக்கு எந்தப் பக்கம் புரட்டணும், ஊட்டும்போது தலகாணி வச்சு நல்லா நிமித்தி உக்கார வைக்கணும், தாடைய லேசா கீழ குனிய வைக்கணும், சின்ன ஸ்பூன், ஒரு வாய் முழுங்குனது தொண்டைல தெரிஞ்சதுக்கப்புறம்தான் அடுத்த வாய், இருமுனா நிறுத்திரணும், சாப்டதும் அரை மணி நேரம் படுக்கப் போடக் கூடாது, ஏன்னா சாப்பாடு மூச்சுக் குழாய்க்குள்ள போனா நிமோனியா வந்துரும். கீழ என் நம்பர், வீட்டுக்காரர் நம்பர், 108. இத பாத்து ஒரு பன்னெண்டாவது படிக்கிற பையன்கூட ரெண்டு மணி நேரம் இருந்துருவான். எங்க எதிர் வீட்டுப் பையன் இருந்திருக்கான், அத்தை காலுக்கு தேங்காண்ணை தேச்சு விட்டுக்கிட்டே பழைய பாட்டு போட்டு விட்டான், அவங்க அன்னைக்கு சாயங்காலம் பதட்டமே இல்லாம இருந்தாங்க. ஊட்ட பயமா இருந்தா ஊட்ட வேண்டாம், சாப்பாட்டு நேரம் இல்லாதப்ப வாங்க, சும்மா பக்கத்துல உக்காந்து பேப்பர் படிங்க, கட்டில்ல இருந்து எறங்கப் போனா சத்தம் குடுங்க, அது போதும்.

முதுகுவலியப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா பாத்துக்குற ஆளுங்கள்ல பாதி பேருக்கு இடுப்பு போயிருது. நோயாளிய அக்குள்ல கை குடுத்துத் தூக்குறோம், அது அவங்க தோள்பட்டைக்கும் கெடுதல் நம்ம முதுகுக்கும் கெடுதல், பக்கவாதம் வந்த பக்கத்துக் கைய பிடிச்சு இழுத்தா தோள் மூட்டே எறங்கிரும். ஒரு பழைய பெட்ஷீட்ட மடிச்சு அவங்க தோள்ல இருந்து தொட வரைக்கும் வர்ற மாதிரி கீழ போட்டுட்டா, ரெண்டு பேர் ரெண்டு பக்கம் அந்தத் துணிய சுருட்டிப் பிடிச்சு, முழங்கால மடக்கி நின்னுகிட்டு மேல நகத்திரலாம், ஆளத் தூக்கவே வேண்டாம். இத எனக்கு ஒரு நர்ஸம்மா சொல்லிக் குடுத்தாங்க, அவங்க குடும்பம் நல்லா இருக்கணும். டிஸ்சார்ஜ் பண்ணும்போது மருந்துச் சீட்டு குடுக்குறாங்க, பில்லு குடுக்குறாங்க, இந்தப் பத்து நிமிஷப் பாடத்த குடுக்குறதில்ல. வீட்ல எத்தன பேர் இருக்கீங்க, ராத்திரி யார் முழிப்பீங்க, உங்களுக்கு பிரஷர் இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டு அனுப்புறதுக்கு பெரிய செலவு எதுவும் இல்ல.

வெளிநாட்ல இருக்குற பிள்ளைங்க பணம் அனுப்புறாங்க, அது இல்லாம ஏர் பெட்டும் டயபரும் மாத்திரையும் வாங்க முடியாது, அத நான் கொறச்சு சொல்லவே மாட்டேன். ஆனா பணத்தோட சேத்து நேரத்தையும் கணக்குல வைங்க. என் கொழுந்தனார் சிங்கப்பூர்ல இருக்கார், தினம் சாயங்காலம் வீடியோ கால் போடுவார், மாத்திரை டப்பாவுல போன சாச்சு வச்சுட்டா அத்தை அவர் மொகத்த பாத்துக்கிட்டே இருப்பாங்க, அவர் ஆபீஸ் கதை, சாப்ட கதை எல்லாம் சொல்லிட்டே இருப்பார், அவங்களுக்கு புரியுதோ இல்லையோ அந்தக் குரல்ல அமைதியா இருப்பாங்க, எனக்கு அந்த இருபது நிமிஷத்துல குளிச்சு சாமி கும்பிட்டு வந்துர முடியுது. அதவிடப் பெருசு, வருஷத்துக்கு ஒரு தடவ லீவு போட்டு வந்து ஒரு வாரம் முழுசா அவர் பாத்துக்குறார், டயபர் மாத்துறது உள்பட, நான் கம்பத்துல எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். ஆம்பளப் பிள்ளை அம்மாவுக்கு எப்படி இதெல்லாம் செய்யுறதுன்னு மொதல்ல ஒரு பெரியம்மா முகம் சுளிச்சாங்க, அவர் ஒரே வார்த்தைல, எனக்கு அம்மா செஞ்சாங்கள்ல பெரியம்மான்னு முடிச்சுட்டார்.

ஆம்பளைங்கன்னதும் இன்னொண்ணும் சொல்லணும். மத்திய அரசு 2024ல எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேல, 15லருந்து 59 வயசுக்குள்ள இருக்குற பெண்கள்ல 41 சதவீதம் பேர் வீட்ல இருக்குறவங்கள பாத்துக்குற வேல செய்யுறாங்க, ஒரு நாளைக்கு சராசரியா 140 நிமிஷம், அதே வயசு ஆண்கள்ல 21.4 சதவீதம் பேர், 74 நிமிஷம்னு வந்திருக்கு. இதுல குழந்தைங்கள பாத்துக்குறதும் சேந்துதான் இருக்கு. ஆக சுமை எங்க மேலதான் அதிகம், அதுல சந்தேகம் இல்ல. ஆனா தனியா பாத்துக்குற ஆம்பளைங்களப் பாத்தா எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு, அவங்ககிட்ட யாரும் கேக்குறது கூட இல்ல. எங்க ஏரியால போக்குவரத்துக் கழகத்துல வேல பாத்து ரிட்டயர்டு ஆன ஒரு அண்ணன் இருக்கார், அவர் சம்சாரத்துக்கு பார்க்கின்சன்ஸ், கை நடுக்கம், சட்டை பட்டன்கூட போட முடியாது. ஒரு நாள் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, ஏம்மா இந்த ஜடை எப்படிப் பின்னுறது, நான் பின்னுனா அவுந்து அவுந்து போகுது, அவளுக்கு நீளமான முடி, வெட்டிரலாம்னு சொன்னா அழுகுறான்னு கேட்டார். தையல் நூல மூணு கொத்தா வச்சு சொல்லிக் குடுத்தேன், ரெண்டே நாள்ல பிடிச்சுக்கிட்டார், இப்ப பூவும் வச்சு விடுறார். அந்த அண்ணன் மாதிரி ஆளுங்க டீக்கடைக்குப் போய் ஒரு மணி நேரம் பேசிட்டு வர்றதுக்கு யாராவது வழி பண்ணிக் குடுக்கணும், அவருக்கு அதுதான் மருந்து.

அப்புறம் இந்த ஊர் வாய். மாமியார் படுத்துக் கெடக்கா, இவ பட்டுச் சேல கட்டிக்கிட்டு கல்யாணத்துக்கு வந்திருக்கான்னு என் காது படவே ஒருத்தர் சொன்னாங்க. இந்த ஒரு பேச்சுக்கு பயந்துதான் நெறைய பேர் வெளிய போறதையே விட்டுடுறாங்க, கோயிலுக்குப் போறதில்ல, சொந்தத்துல விசேஷத்துக்குப் போறதில்ல, சிரிக்கிறதுக்குக்கூட தயக்கமா இருக்கு. தயவு செஞ்சு அப்படிப் பேசாதீங்க. அவங்க மூணு மணி நேரம் ஒரு கல்யாணத்துல உக்காந்து நாலு பேர பாத்துட்டுப் போனா அந்த வாரம் முழுக்க நோயாளிக்கு இன்னும் நல்லா செய்வாங்க.

கோபம் வர்றதும் அப்படித்தான். நடு ராத்திரி மூணாவது தடவ துணி மாத்தும்போது கோபம் வராத ஆளே கிடையாது, அதுக்காக நம்ம கெட்டவங்கன்னு அர்த்தம் இல்ல, தூக்கம் இல்லாத உடம்பு அப்படித்தான் பேசும். ஆனா அது நாளாக நாளாக யார்கிட்டயும் பேசப் பிடிக்கல, சாப்பிடப் பிடிக்கல, செத்துறலாம் போல இருக்குன்னு போச்சுன்னா அது வேற, அதுக்கு உதவி வேணும். 14416னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, மனசு கஷ்டத்துக்கு போன்லயே ஆலோசனை சொல்ற மத்திய அரசு சேவை, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, ராத்திரி பகல் எப்ப வேணாலும் கூப்பிடலாம், தமிழ்ல பேசலாம். நோயாளிதான் கூப்பிடணும்னு ஒண்ணும் இல்ல, பாத்துக்குறவங்களும் கூப்பிடலாம், இத நிறைய பேருக்கு யாரும் சொல்றதே இல்ல.

கவர்மென்ட்டுக்கும் சிலது கேக்கணும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்சு, இன்னைக்கு வீடு தேடி வந்து பிரஷர் மாத்திரை சுகர் மாத்திரை குடுக்குறாங்க, பிசியோதெரபி பண்றாங்க, படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கு வலி நிவாரண சிகிச்சையும் அதுல உண்டு. உண்மையாவே நல்ல திட்டம், எங்க ஏரியாவுக்கு வர்ற அந்தத் தங்கச்சி வெயில்ல பை தூக்கிட்டு வர்றதப் பாத்தா மனசு நெறையும். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, கட்டில்ல படுத்திருக்குறவங்களுக்கு பிரஷர் பாத்துட்டு அந்தப் பட்டைய கழட்டுன கையோட, பக்கத்துல நிக்கிற ஆளுக்கும் சுத்திப் பாத்துருங்க, அவங்க பேரையும் அந்த நோட்டுல எழுதுங்க, அவங்க சுகர் மாத்திரையையும் அதே பைல இருந்து குடுங்க. புதுசா ஆள் வேண்டாம், புதுசா வண்டி வேண்டாம், அதே வீடு அதே வருகை. அதே மாதிரி டயாலிசிஸ் வார்டுலயும் கீமோ வார்டுலயும் கூட வந்து காத்திருக்குறவங்களுக்கு அந்த நேரத்துலயே டெஸ்ட் எடுத்துறலாம், நாலு மணி நேரம் அங்கயேதான் இருக்காங்க. அப்படி இருந்திருந்தா எங்க தெரு அக்காவுக்கு அந்த விரல் இருந்திருக்கும்.

கேரளாவப் பாருங்க, தள்ளி இல்ல, கம்பத்துல இருந்து மலை ஏறுனா அந்தப் பக்கம் கேரளாதான். 1993ல கோழிக்கோட்டுல ஒரு மருத்துவக் கல்லூரிய ஒட்டி வலி நிவாரண சிகிச்சைக்கு சின்னதா ஒரு சங்கம் ஆரம்பிச்சு, அப்புறம் மலப்புறம் பக்கமெல்லாம் ஊர்க்காரங்களே எடுத்து நடத்துற அமைப்பா அது வளந்துச்சு. அவங்க ஊர்க்காரங்ககிட்ட கேட்டது வாரத்துக்கு கொறஞ்சது ரெண்டு மணி நேரம் குடுக்க முடியுமான்னுதான், வந்தவங்களுக்கு ட்ரெயினிங் குடுத்து, தன் பக்கத்துல இருக்குற வீட்டுக்கே அனுப்புனாங்க. டாக்டர் நர்ஸ் பின்னாடி இருக்காங்க, முன்னாடி நிக்கிறது கடைக்காரர், வாத்தியார், காலேஜ் பிள்ளைங்க. 2008ல அந்த ஸ்டேட் கவர்மென்ட் இதுக்குன்னு ஒரு கொள்கையே போட்டுச்சு, இந்தியாவுல மொதல்ல போட்டது அவங்கதான். படுத்த படுக்கையா இருக்குறவங்கள முழு நேரம் பாத்துக்குறவங்களுக்கு ஆஸ்வாசகிரணம்னு ஒரு திட்டத்துல மாசம் 600 ரூபா வச்சிருக்காங்க, தொகை சின்னதுதான், ஆனா பாத்துக்குற ஆள ஒரு ஆளா கணக்குல எடுத்துக்கிட்டாங்கல்ல. நம்ம நாட்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லயே, அதிக உதவி தேவைப்படுற மாற்றுத் திறனாளிகளுக்கு பராமரிப்பாளர் உதவித் தொகைன்னு எழுதி வச்சிருக்கு. வயசான ஸ்ட்ரோக் நோயாளி, கேன்சர் நோயாளி, மறதி நோயாளி வீட்டுக்கும் அந்தக் கண்ணோட்டம் வரணும்.

நம்ம ஊர்ல இதுக்கு ஆள் இல்லையா என்ன. ஒரு தெருவுல திருவிழா கமிட்டி போட முப்பது பேர் சேருறாங்க, அன்னதானத்துக்கு விடிய விடிய காய் நறுக்குறாங்க. அதே ஆளுங்க வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், தன் தெருவுல படுத்துக் கெடக்குற ஒருத்தர் பக்கத்துல உக்காந்தா எத்தன குடும்பம் மூச்சு விடும். மகளிர் சுய உதவிக் குழு இருக்கு, காலேஜ்ல என்எஸ்எஸ் இருக்கு, ரிட்டயர்டு நர்ஸுங்க ஒவ்வொரு ஏரியாலயும் ஒருத்தராவது இருக்காங்க, அவங்ககிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை பாடம் கேட்டா போதும்.

இன்னொண்ணு, வருஷத்துக்கு ஒரு வாரமாவது நோயாளிய நம்பி விட்டுட்டு வர்றதுக்கு தாலுகா ஆஸ்பத்திரில ரெண்டு பெட் ஒதுக்கணும். கொழுந்தனார் மாதிரி ஒருத்தர் எல்லா வீட்லயும் இருக்க மாட்டாங்க. ஹோம் நர்ஸ் வைக்கலாமேன்னு சொல்றாங்க, நாங்க விசாரிச்சப்ப மாசத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல சொன்னாங்க, சாப்பாடு தங்குறது நம்ம பொறுப்பு, கடைல சம்பளம் வாங்குற வீட்ல அது நடக்குற காரியமா. பாத்துக்குறவங்களுக்கே ஆபரேஷன் பண்ண வேண்டி வந்தா என்ன செய்வாங்க, கர்ப்பப்பை எடுக்கணும்னு டாக்டர் சொல்லியும் அம்மாவ யார் பாப்பாங்கன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்குற பொம்பளைங்கள எனக்குத் தெரியும், ரத்தம் கொறஞ்சு மொகம் வெளுத்துப் போய் நடமாடுறாங்க. அவங்களுக்காவது அந்த ரெண்டு பெட் வேணும்.

வேலைக்குப் போறவங்க பாடு இன்னும் மோசம். மத்திய அரசு பெண் ஊழியருக்கு பிள்ளைய பாத்துக்க சர்வீஸ் முழுக்க 730 நாள் லீவு இருக்கு, நியாயமான லீவு. படுக்கைல இருக்குற அம்மா அப்பாவ பாத்துக்கன்னு தனியா அப்படி ஒண்ணு இல்ல. இங்கிலாந்துல 2023ல சட்டம் போட்டு 2024 ஏப்ரல்ல இருந்து, இப்படிப் பாத்துக்குற தொழிலாளிங்களுக்கு வருஷத்துக்கு ஒரு வாரம் லீவு, சம்பளம் இல்லாட்டியும் வேல போகாது. கடைல ஒர்க்ஷாப்ல வேல பாக்குற எங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்களுக்கு அந்த ஒரு வாரம்கூட பெரிய விஷயம்.

உங்க பேப்பர நெறைய பேர் படிக்கிறாங்க சார். அடுத்த தடவ இந்த விஷயத்தப் பத்தி கட்டுரை போடும்போது, நோயாளிய பாக்கப் போறவங்க என்னென்ன செய்யலாம்னு ஒரு பக்கம் போடுங்க. ஒரு நர்ஸ் அம்மாகிட்ட கேட்டு, புரட்டுறது, ஊட்டுறது, பெட்ஷீட் வச்சு நகத்துறது மூணையும் படம் போட்டுக் காட்டுங்க, வெட்டி எடுத்து செவத்துல ஒட்டுற மாதிரி பெரிய எழுத்துல இருக்கட்டும். இத படிக்கிறவங்க யார் வீட்டுக்காவது இந்த வாரம் நோயாளிய பாக்கப் போறதா இருந்தா, சாத்துக்குடி வாங்கலன்னாலும் பரவாயில்ல, முன்னாடியே போன் பண்ணி எத்தன மணிக்கு வந்தா உனக்கு வெளிய போக வசதியா இருக்கும்னு கேட்டுட்டுப் போங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.